ஒரே சொல்லில் மூன்று பொருள்: திட்ட மேலாண்மையும் அதை இணையவழியில் படிப்பதும்

கடலூர் சிப்காட்டிலும் புதுச்சேரி சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையிலும் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர்களும், கல்லூரியை இப்போதுதான் முடித்தவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: வீட்டிலிருந்தபடியே இணையவழியில் திட்ட மேலாண்மை படிக்கலாமா, படித்தால் பயன் உண்டா? கேள்வி எளியதுதான். ஆனால் "திட்ட மேலாண்மை என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டால், ஒருவர் கணினியில் அட்டவணை போடும் மென்பொருளைச் சொல்கிறார்; இன்னொருவர் பத்துப் பேரை வேலை வாங்கும் மேற்பார்வையைச் சொல்கிறார்; மூன்றாமவர் பொறியியல் கல்லூரியின் கடைசிப் பருவத்தில் குழுவாகச் செய்து கொடுத்த "புராஜெக்ட்"டை நினைத்துக்கொள்கிறார். இணையவழிப் படிப்பு என்பதும் அப்படித்தான்: காணொளி பார்ப்பது, பட்டம் வாங்குவது, சான்றிதழை அச்சிட்டுச் சட்டமிடுவது என்று மூன்று வேறு காரியங்கள் ஒரே பெயரில் பேசப்படுகின்றன. பணம் கட்டுவதற்கு முன் இந்த இரண்டு சொற்களும் எதைக் குறிக்கின்றன என்று தெரிந்துகொள்வது அவசியம் என்பதால் இதை எழுதுகிறேன்.

திட்டம் என்ற சொல் தரும் குழப்பம்

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம் மொழி வழக்கிலேயே இருக்கிறது. 1951இல் தொடங்கிய ஐந்தாண்டுத் திட்டத்தையும் திட்டம் என்கிறோம். 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்தையும் திட்டம் என்கிறோம். ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம் என்று யோசிப்பதையும் "திட்டம் போடுகிறோம்" என்கிறோம். முதலாவது, நாடு எந்த வழியில் போக வேண்டும் என்ற வரைவு. இரண்டாவது, மாதந்தோறும் தொடர்ந்து நடைபெறும் ஓர் உதவி ஏற்பாடு. மூன்றாவது, வெறும் முன்யோசனை. திட்ட மேலாண்மையில் வரும் திட்டம் இவை மூன்றும் அல்லாத நான்காவது பொருள் கொண்டது. இலங்கைத் தமிழர்கள் இதற்குச் செயற்றிட்டம், கருத்திட்டம் என்று தனிச் சொற்களை வைத்திருப்பதால், அங்கே இந்தக் குழப்பம் குறைவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். இக்கட்டுரையில் அதைத் திட்டப்பணி என்று அழைக்கிறேன்.

திட்டப்பணி என்பது, ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உள்ள, இதற்கு முன் இதே வடிவில் இல்லாத ஒன்றை உண்டாக்கித் தருவதற்காகச் செய்யப்படும் வேலை. இந்த வரையறையில் இரண்டு பகுதிகள் உண்டு: அது முடிந்துபோக வேண்டும்; முடியும்போது புதிதாக ஒன்று இருக்க வேண்டும். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மெஸ் நாள்தோறும் காலையில் இட்லியும் மதியம் சாப்பாடும் போடுகிறது. எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் அது திட்டப்பணி ஆகாது, ஏனென்றால் நாளைக்கும் அதே வேலை இருக்கிறது. இதை அன்றாட இயக்கம் என்பார்கள். அந்த மெஸ்ஸின் உரிமையாளர் மஞ்சக்குப்பத்தில் இரண்டாவது கடை திறக்க முடிவு செய்கிறார் என்றால், திறப்பு நாள் வரையிலான வேலை முழுவதும் ஒரு திட்டப்பணி. கடை திறந்த மறுநாள் அந்தத் திட்டப்பணி முடிந்து, அன்றாட இயக்கம் தொடங்கிவிடுகிறது.

ஆண்டுதோறும் வருவது என்றால் எங்கே சேர்ப்பது என்று கேட்கலாம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் மாசிமகத் தீர்த்தவாரி ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. ஆனால் ஒவ்வோர் ஆண்டின் ஏற்பாடும் தனித் தொடக்கமும் தனி முடிவும் கொண்டது. கடற்கரை மணல், கூட்டம், வரும் உற்சவர்களின் எண்ணிக்கை எல்லாம் மாறுகின்றன. ஆகவே ஒவ்வோர் ஆண்டின் மாசிமகமும் ஒரு திட்டப்பணியே. சென்ற ஆண்டின் குறிப்புகளை எடுத்து வைத்திருக்கும் குழு இந்த ஆண்டு குறைவாகத் தவறு செய்யும் என்பதுதான் திரும்ப வருவதால் கிடைக்கும் நன்மை.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: தொடர்ந்து நடப்பது அன்றாட இயக்கம், ஒரு கட்டத்தில் முடிந்து புதிதாக ஒன்றை விட்டுச் செல்வது திட்டப்பணி. அந்தத் திட்டப்பணியைச் சொன்ன நாளில், சொன்ன செலவில், சொன்னபடி முடிப்பதற்கான முறைகளின் தொகுப்பே திட்ட மேலாண்மை.

பரப்பு, காலம், செலவு

எந்தத் திட்டப்பணியிலும் மூன்று அளவுகள் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்கின்றன. எதை எல்லாம் செய்யப் போகிறோம் என்பது வேலைப் பரப்பு. எத்தனை நாளில் என்பது காலம். எவ்வளவு பணத்தில் என்பது செலவு. ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டில் ஒன்றாவது அசையும். அசையாதது போலத் தோன்றினால் வேலையின் தரம் குறைந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

மாசிமகத்தின் நாளை நட்சத்திரம் தீர்மானிக்கிறது. யாராலும் தள்ளிப்போட முடியாது. அங்கே காலம் இறுகிவிட்டதால், வேலை பிந்தினால் பந்தலின் நீளம் குறையும் அல்லது இரவு வேலைக்குக் கூலி கூடும். வீடு கட்டுகிறவருக்கு வங்கிக் கடனின் தொகை இறுகியிருக்கும். அவருக்குக் காலமோ பரப்போதான் நெகிழ வேண்டும். உங்கள் வேலையில் இந்த மூன்றில் எது அசையாதது என்பதை முதல் நாளே, சம்பந்தப்பட்ட எல்லோர் முன்னிலையிலும் பேசி எழுதிவைத்துக்கொள்வது, இந்தப் படிப்பு கற்றுத்தரும் பழக்கங்களிலேயே மிகப் பெரியது என்று கருதுகிறேன்.

நம் ஊர்களில் திட்டப்பணிகள் கெடுவது பெரும்பாலும் வேலைப் பரப்பில்தான். "கொத்தனார் இருக்கும்போதே அந்தத் துளசி மாடத்தையும் கட்டிவிடுவோம்", "பெயின்டர் வந்திருக்கிறார், மாடிப்படியையும் பார்க்கச் சொல்லுங்கள்" என்று ஒவ்வொன்றாகச் சேரும். ஒவ்வொன்றும் சிறியது, நியாயமானது; எல்லாம் சேர்ந்து மூன்று வாரமும் ஐம்பதாயிரமும் ஆகும். இதைப் பரப்பு வீக்கம் என்று சொல்லலாம். இதற்கான மருந்து, கேட்பதை மறுப்பது அல்ல, "செய்யலாம், ஆனால் இத்தனை நாளும் இவ்வளவு பணமும் கூடும், சம்மதமா?" என்று கேட்டுச் சம்மதத்தை எழுதி வாங்கிய பிறகு சேர்ப்பது.

மஞ்சக்குப்பத்தில் ஒரு மெஸ் திறக்கும் கணக்கு

இனி இந்தப் பாடத்தின் மையத்துக்கு வருவோம். முதலில் செய்வது, பெரிய வேலையைச் சிறு வேலைகளாக உடைத்து எழுதுவது. இதற்கு வேலைப் பகுப்பு என்று பெயர். ஒரு சிறு வேலையை ஒரே ஆளிடமோ ஒரே குழுவிடமோ ஒப்படைக்க முடிகிறது, அது முடிந்ததா இல்லையா என்று சந்தேகமில்லாமல் சொல்ல முடிகிறது என்றால், போதிய அளவு உடைத்துவிட்டோம் என்று கொள்ளலாம்.

மெஸ்ஸுக்கான வேலைகளை இப்படி எடுத்துக்கொள்வோம். நாட்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. கடையைப் பேசி வாடகை ஒப்பந்தம் எழுத 5 நாட்கள். அதன் பிறகு கொத்தனார், பிளம்பர் வேலைகளுக்கு 15 நாட்கள். ஒப்பந்தம் கையில் வந்ததும் வணிக மின் இணைப்புக்கு விண்ணப்பித்துப் பெற 20 நாட்கள். அதே நேரத்தில் அடுப்பு, கிரைண்டர், பாத்திரங்களை வாங்கிச் சேர்க்க 8 நாட்கள். கொத்து வேலையும் முடிந்து சாமான்களும் வந்த பிறகு, சமையலறையில் அவற்றைப் பொருத்த 4 நாட்கள். பொருத்தியதும், மின்சாரமும் வந்ததும், சமையல் ஒத்திகைக்கு 3 நாட்கள்.

எல்லாவற்றையும் கூட்டினால் 55 நாட்கள். ஆனால் பல வேலைகள் ஒரே நேரத்தில் நடப்பதால் அவ்வளவு ஆகாது. எவ்வளவு ஆகும் என்பதைக் காண, எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்தக் காத்திருப்பு உறவுக்குச் சார்பு என்று பெயர். சார்பு வழியே தொடக்கத்திலிருந்து முடிவு வரை நடந்து பார்த்தால் மூன்று பாதைகள் கிடைக்கின்றன. ஒப்பந்தம், கொத்து வேலை, பொருத்துதல், ஒத்திகை என்ற பாதை 27 நாட்கள். ஒப்பந்தம், சாமான்கள், பொருத்துதல், ஒத்திகை என்ற பாதை 20 நாட்கள். ஒப்பந்தம், மின் இணைப்பு, ஒத்திகை என்ற பாதை 28 நாட்கள். கடை 28 நாளுக்கு முன் திறக்காது. இருப்பவற்றில் மிக நீளமான இந்தப் பாதைதான் தீர்மானப் பாதை எனப்படுவது. அதில் ஒரு நாள் பிந்தினால் திறப்பு விழாவும் ஒரு நாள் பிந்தும்.

இப்போது கடையில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உரிமையாளர் காலையும் மாலையும் கொத்தனாரின் அருகில் நிற்பார், ஏனென்றால் சிமென்டும் மணலும் கண்ணுக்குத் தெரிகின்றன. மின் இணைப்பு விண்ணப்பம் ஒரு தாள். அது மேசை இழுப்பறையில் இரண்டு நாள் கிடந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் கடையின் திறப்பு நாளைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்தத் தாள். கொத்தனாருக்குக் கூடுதல் கூலி கொடுத்து 15 நாள் வேலையை 10 நாளில் முடித்தாலும் கடை 28ஆம் நாள்தான் திறக்கும்; கூடுதல் கூலி வீண். முதன்முதலில் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்தபோது, அதுவரை என் வீட்டில் நடந்த ஒவ்வொரு வேலையிலும் நான் நின்றுகொண்டிருந்த இடம் தவறு என்று எனக்குப் புரிந்தது.

இன்னொரு படி போகலாம். அலைந்து திரிந்து மின் இணைப்பை 20 நாளிலிருந்து 15 நாளாகக் குறைத்துவிட்டார் என்று கொள்வோம். ஐந்து நாள் மிச்சமா? இல்லை, ஒரே ஒரு நாள்தான். மின் இணைப்புப் பாதை 23 ஆகக் குறைந்ததும், கொத்து வேலைப் பாதையான 27 இப்போது மிக நீளமானதாகி, அதுவே புதிய தீர்மானப் பாதை ஆகிவிடுகிறது. கவனம் வைக்க வேண்டிய இடம் நகர்ந்துவிட்டது. வேலை நடக்க நடக்க இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருப்பதும், அதற்கு மென்பொருள் உதவுவதும் இதனால்தான். மென்பொருள் கூட்டிக் கழிக்கும் கருவி மட்டுமே. சார்புகளைத் தவறாகச் சொல்லிவிட்டால் அதுவும் தவறாகவே கூட்டும்.

தீர்மானப் பாதையில் இல்லாத வேலைகளுக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. முதல் கணக்கின்படி, சாமான்கள் வாங்குவது 8 நாள் பிந்தினாலும் திறப்பு நாள் பாதிக்கப்படாது. இந்த இடத்துக்கு மிதவை என்று பெயர். கொத்து வேலையின் மிதவை ஒரு நாள். மின் இணைப்பின் மிதவை சுழியம். "எல்லாமே அவசரம்" என்று சொல்லி எல்லோரையும் விரட்டுகிற மேலாளருக்கும், எதில் பொறுத்துக்கொள்ளலாம் என்று தெரிந்த மேலாளருக்கும் உள்ள வேறுபாடு இந்த மிதவைக் கணக்கில் இருக்கிறது.

தீர்மானப் பாதையைக் காணும் இந்த முறை 1957இல் அமெரிக்காவின் டூபான்ட் என்ற வேதிப்பொருள் நிறுவனமும் ரெமிங்டன் ராண்ட் என்ற கணினி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது. ஆலை கட்டுவதும், பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தித் திரும்ப ஓட்டுவதும் அவர்களின் கவலையாக இருந்தன. சிப்காட்டிலோ நெய்வேலி அனல் மின் நிலையத்திலோ வேலை செய்கிறவர்களுக்கு "ஷட்டவுன்" என்ற சொல்லைச் சொன்னாலே போதும்: ஆலை நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் நட்டம், நூற்றுக்கணக்கான வேலைகள், எது எதற்காகக் காத்திருக்கிறது என்ற கேள்வி. நம் மாவட்டத்துத் தொழிலாளர்கள் பலர் பெயர் தெரியாமலே இந்தக் கணக்கின் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

சுருக்கமாக: வேலையை உடைத்து, சார்புகளைக் குறித்து, மிக நீளமான பாதையைக் கண்டுபிடிக்கிறோம். அந்தப் பாதையில் பிந்துவது திறப்பு நாளைத் தள்ளும். மற்றவற்றில் மிதவை தீரும் வரை பொறுக்கலாம்.

நாட்களை எங்கிருந்து எடுப்பது

மின் இணைப்புக்கு 20 நாள் என்று எப்படிச் சொன்னோம்? 1958இல் அமெரிக்கக் கடற்படை, போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்தில் பயன்படுத்திய ஓர் உத்தி இதற்கு உதவும். ஒரே எண்ணைக் கேட்காமல் மூன்று எண்களைக் கேட்க வேண்டும்: எல்லாம் நன்றாக நடந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை நாள், எல்லாம் கெட்டால் எத்தனை நாள். 12, 18, 36 என்று விடை வந்தால், நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க 20 கிடைக்கிறது. வழக்கமான 18ஐவிட விடை பெரிதாக இருப்பதைக் கவனியுங்கள். கெட்டால் அதிகமாகக் கெடும் வேலைகளில் மதிப்பீடு தானாகவே கூடுகிறது.

செலவழித்த பணமும் முடிந்த வேலையும்

என் வீட்டுக்கு 100 அடி நீளத்தில் சுற்றுச்சுவர் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கு 1,000 ரூபாய் வீதம் மொத்தம் 1,00,000 ரூபாய். நாளுக்கு 10 அடி வீதம் 10 நாட்கள். ஐந்தாம் நாள் மாலை கணக்குப் பார்த்தால் 48,000 ரூபாய் செலவாகியிருக்கிறது. ஐந்து நாளுக்கு 50,000 என்று ஒதுக்கியிருந்தோம். 2,000 மிச்சம் என்று வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் சுவரை அளந்தால் 40 அடிதான் எழுந்திருக்கிறது.

இங்கே மூன்று எண்கள் இருக்கின்றன. இந்த நாளுக்குள் முடித்திருக்க வேண்டிய வேலையின் விலை 50,000. இது திட்டமிட்ட மதிப்பு. உண்மையில் முடிந்த வேலையின் விலை, 40 அடிக்கு 40,000. இது ஈட்டிய மதிப்பு. கையைவிட்டுப் போன பணம் 48,000. இது உண்மைச் செலவு. முதல் இரண்டை ஒப்பிட்டால் வேலை பிந்தியிருப்பது தெரிகிறது. பின் இரண்டை ஒப்பிட்டால், 40,000 ரூபாய் வேலைக்கு 48,000 கொடுத்திருப்பது, அதாவது அடி ஒன்றுக்கு 1,200 ஆகியிருப்பது தெரிகிறது. இதே போக்கில் போனால் சுவர் முடியும்போது 1,20,000 ரூபாய் ஆகும். மிச்சம் என்று நினைத்த இடத்தில் 20,000 ரூபாய் பற்றாக்குறை ஒளிந்திருக்கிறது. அதையும் பாதி வழியிலேயே, இன்னும் ஏதாவது செய்ய முடிகிற நேரத்தில் தெரிந்துகொள்கிறோம்.

செலவை மட்டும் பார்ப்பது, நாட்களை மட்டும் பார்ப்பது என்ற இரண்டு பழக்கங்களும் ஏன் ஏமாற்றுகின்றன என்பதை இந்தச் சிறு கணக்கைப் போல வேறு எதுவும் எனக்கு விளக்கியதில்லை. முடிந்த வேலையை அளக்காமல் செலவைப் பேசுவதில் பொருளே இல்லை.

மழையும் புயலும்

திட்டப்பணியைப் பாதிக்கக்கூடிய, ஆனால் நடக்குமா என்று உறுதியாகத் தெரியாத நிகழ்வு இடர் எனப்படும். கடலூரில் இருந்துகொண்டு இதற்கு எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் சாய்ந்ததை நாம் பார்த்தோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வரும் என்பது உறுதி. ஆகவே அது இடர் அல்ல, அட்டவணையிலேயே சேர்க்க வேண்டிய ஒன்று. அந்த மழையில் எந்த வாரம் தெருவில் வெள்ளம் நிற்கும் என்பதே இடர். இடரை ஒன்று தவிர்க்கலாம் (தளம் போடுவதைத் தை மாதத்துக்குத் தள்ளுவது), ஒன்று பிறரிடம் மாற்றலாம் (காப்பீடு), ஒன்று பாதிப்பைக் குறைக்கலாம் (சிமென்டை உயரமான மேடையில் அடுக்குவது), அல்லது தெரிந்தே ஏற்கலாம். எதைச் செய்யப் போகிறோம், யார் கவனிப்பது என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் ஏட்டுக்கு இடர்ப் பதிவேடு என்று பெயர்.

மென்பொருள் நிறுவனங்களில் வேறொரு முறையும் உண்டு. 2001இல் ஓர் அறிக்கையாக வெளிவந்த அஜைல் முறை அது. முழு வேலையையும் முன்கூட்டியே வரையாமல், இரண்டு வாரத்துக்கு ஒரு சிறு பகுதியைச் செய்து காட்டி, பயனர் சொல்வதைக் கேட்டு அடுத்த பகுதியை முடிவு செய்வார்கள். புதிய பலகாரம் ஒன்றை வாரக் கடைசியில் மட்டும் போட்டுப் பார்த்து, வாடிக்கையாளர் சொன்னதைக் கேட்டுக் கைப்பக்குவத்தை மாற்றும் மெஸ்ஸைப் போன்றது இது. கட்டடத்துக்கு இந்த முறை பொருந்தாது. அஸ்திவாரத்தைப் போட்டுப் பார்த்து மாற்ற முடியாது.

அஞ்சல்வழியும் இணையவழியும்

இனிப் படிப்பு. இந்தப் பகுதியில் தொலைவிலிருந்து படிப்பது புதிதல்ல. 1929இல் சிதம்பரத்தில் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இல் அஞ்சல்வழிக் கல்வியை ஆரம்பித்தது. காலாப்பட்டில் 1985இல் அமைந்த புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் 1995 முதல் தொலைநிலைக் கல்வியை நடத்துகிறது. வேலை பார்த்துக்கொண்டே "அண்ணாமலையில் அஞ்சல்வழியில் படித்தேன்" என்று சொல்லும் ஒருவராவது நம் உறவுகளில் இருப்பார். பாடப்புத்தகம் அஞ்சலில் வரும், சில நாட்கள் நேர்முக வகுப்பு நடக்கும், கடைசியில் தேர்வு.

இணையவழிப் படிப்பை இதன் நீட்சியாகப் பார்த்தால் எளிதில் புரியும். 2017 ஜூலையில் தொடங்கிய ஸ்வயம் என்ற மத்திய அரசின் தளம், ஒரு பாடத்துக்கு நான்கு பகுதிகள் இருக்க வேண்டும் என்கிறது: காணொளி விரிவுரை, பதிவிறக்கிப் படிக்கும் பாடக் குறிப்பு, தன்மதிப்பீட்டுத் தேர்வுகள், ஐயங்களைக் கேட்கும் விவாத அரங்கம். காணொளி நான்கில் ஒன்று மட்டுமே. முழுக் காணொளியையும் பேருந்தில் போகும்போது பார்த்துவிட்டு "படித்துவிட்டேன்" என்று நினைப்பவர், அஞ்சலில் வந்த புத்தகக் கட்டைப் பிரித்து அலமாரியில் வைத்தவருக்குச் சமம். திட்ட மேலாண்மை கணக்குப் போட்டுப் பழக வேண்டிய பாடம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எவ்வளவு நேரம் தேவைப்படும் என்பதற்கும் அளவு இருக்கிறது. பாடத்தின் எடையைக் குறிக்கும் அலகு கிரெடிட். தொலைநிலை, இணையவழிப் படிப்புகளில் ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிடும் 30 மணி நேரப் படிப்பு. நான்கு கிரெடிட் பாடம் 120 மணி நேரம். 16 வாரங்களுக்குப் பிரித்தால் வாரத்துக்கு ஏழரை மணி நேரம். மூன்று சுற்றாக மாறும் ஷிஃப்ட் வேலையில் இருப்பவர், அந்த ஏழரை மணி எந்தெந்த நாளில் வரும் என்று சேர்வதற்கு முன்பே நாட்காட்டியில் குறித்துப் பார்க்க வேண்டும்.

நான்கு வேறு வகைகள்

மிக அதிகமாகக் குழப்பப்படுவது இதுதான். முதல் வகை, பல்கலைக்கழகம் இணையவழியில் தரும் பட்டம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற இணையவழிப் பட்டம் நேரடி வகுப்பில் பெறும் பட்டத்துக்கு இணையானது. ஆனால் பொறியியல் பட்டத்தை இணையவழியில் தர அனுமதி இல்லை. திட்ட மேலாண்மை பெரும்பாலும் மேலாண்மைப் பட்டத்தின் ஒரு சிறப்புப் பாடமாகவோ ஓரிரு தாள்களாகவோ வரும்.

இரண்டாவது, தனிப் பாடம். ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய என்பிடெல், ஸ்வயம் தளத்தின் வழியே 4, 8, 12 வாரப் பாடங்களை நடத்துகிறது. சேர்வதற்கும் படிப்பதற்கும் கட்டணமில்லை; சான்றிதழ் வேண்டுமானால் தேர்வுக் கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவருக்கு, அவருடைய பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டால், இந்தக் கிரெடிட்டுகள் பட்டத்தோடு சேரும். 2021ஆம் ஆண்டு விதி 40 விழுக்காடு வரை இடமளிக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் முதலில் சொல்வது இந்த வகையைத்தான், ஏனென்றால் பாடம் பிடிக்கவில்லை என்று தெரிய வரும்போது பணம் போயிருக்காது.

மூன்றாவது, கோர்செரா போன்ற தளங்களில் கிடைக்கும் சான்றிதழ்கள். 2021இல் கூகுள் வெளியிட்ட திட்ட மேலாண்மைச் சான்றிதழ் இவ்வகை. கற்பித்தல் நன்றாக இருக்கலாம். ஆனால் அது பட்டமல்ல.

நான்காவது, படிப்பே அல்லாத ஒன்று. 1969இல் அமெரிக்காவில் தோன்றிய பிஎம்ஐ என்ற தொழில்முறை அமைப்பு, பிஎம்பி என்ற தகுதிச் சான்றை 1984 முதல் தருகிறது. வேலை விளம்பரங்களில் கேட்கப்படுவது பெரும்பாலும் இதைத்தான். பட்டதாரி இதற்கு விண்ணப்பிக்க, திட்டப்பணிகளை வழிநடத்திய 36 மாத அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் வேண்டும், பிறகுதான் தேர்வு. ஆகவே "மூன்று மாதத்தில் பிஎம்பி" என்ற விளம்பரம் கல்லூரியை இப்போது முடித்தவருக்குப் பொருந்தாது. அனுபவம் இல்லாதவர்களுக்காக அதே அமைப்பு கேப்எம் (CAPM) என்ற தொடக்கநிலைச் சான்றை வைத்திருக்கிறது. அதற்கு 23 மணி நேரப் பயிற்சி போதும்.

இந்த வேறுபாடு தெரியாததால் என் நண்பர் ஒருவர், மேலாண்மைப் பட்டம் என்று நம்பி ஒரு நிறுவனத்தின் சான்றிதழ்ப் படிப்புக்கு எண்பதாயிரம் ரூபாய் கட்டினார். பாடத்தில் குறை இல்லை. ஆனால் பதவி உயர்வுக்குப் பட்டம் கேட்கப்பட்டபோது அது எண்ணிக்கையில் வரவில்லை. அவர் பட்ட வருத்தம் வேறு யாருக்கும் வேண்டாம். பட்டம் என்று சொல்லிப் பணம் கேட்டால், பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பணியகம் வெளியிடும் அனுமதிப் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகமும், அந்தக் குறிப்பிட்ட படிப்பும், நீங்கள் சேரும் அந்த ஆண்டும் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பல்கலைக்கழகம் தன் பட்டப்படிப்பை இடையில் உள்ள ஒரு நிறுவனத்துக்குக் கிளை உரிமையாகக் கொடுத்து நடத்த விதிகள் இடம் தருவதில்லை. 2024 முதல், இத்தகைய பட்டப்படிப்பில் சேர்பவர் பணியகத்தின் தளத்தில் தாமே பதிந்து ஓர் அடையாள எண் பெற வேண்டும். அந்த எண்ணைக் கேட்காமலே சேர்க்கை நடக்கிறது என்றால் அங்கேயே நின்று விசாரியுங்கள்.

திரட்டிச் சொன்னால், பட்டம், தனிப்பாடம், தளச் சான்றிதழ், தொழில்முறைத் தகுதி என்பவை நான்கும் வேறு வேறு. எது தேவை என்பது உங்களைக் கேட்கப் போகிற வேலை எதைக் கேட்கிறது என்பதைப் பொறுத்தது.

படிப்பும் ஒரு திட்டப்பணியே

12 வாரப் பாடத்தில் சேர்ந்தால், மேலே படித்த கணக்கை முதலில் அந்தப் படிப்பின் மேலேயே போட்டுப் பார்க்கலாம். என்பிடெல் முறையில் வாராந்திர ஒப்படைப்புகளுக்கு (அசைன்மென்ட்) 25 விழுக்காடு, இறுதித் தேர்வுக்கு 75 விழுக்காடு. 12 ஒப்படைப்புகளில் சிறந்த எட்டின் சராசரியே எடுத்துக்கொள்ளப்படுகிறது. அப்படியானால் ஒப்படைப்புகளில் நான்கு வார மிதவை இருக்கிறது: திருமணம், காய்ச்சல், இரவுப் பணி எல்லாவற்றுக்கும் இடமுண்டு. அந்த மிதவையை முதல் மாதத்திலேயே தீர்த்துவிடுபவர்கள்தான் பெரும்பாலும் பாதியில் நிற்கிறார்கள்.

தேர்வுக்கு மிதவை கிடையாது. அதைவிட முக்கியமாக, பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. தேர்வுப் பதிவுக்கு என்று தனிக் கடைசி நாள் இருக்கிறது. எல்லா ஒப்படைப்புகளையும் ஒழுங்காகச் செய்துவிட்டு இந்தப் பதிவைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும். மஞ்சக்குப்பம் மெஸ்ஸின் மின் இணைப்பு விண்ணப்பம் போன்றது அது: பத்து நிமிட வேலை, கண்ணில் படாத வேலை, தீர்மானப் பாதையில் இருக்கும் வேலை.

இடரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இப்பாடங்கள் ஆண்டுக்கு இரண்டு பருவங்களாக நடக்கின்றன. ஜூலையில் தொடங்கும் பருவத்தின் கடைசி ஒப்படைப்புகளும் தேர்வும் பருவமழை மாதங்களை ஒட்டியே வருகின்றன. கெடிலக் கரையிலோ உப்பனாற்றை ஒட்டிய தாழ்வான தெருக்களிலோ குடியிருப்பவருக்கு அப்போது மின்சாரமும் இணையமும் எந்த நாளிலும் நிற்கலாம், தேர்வு மையம் வேறு ஊரில் அமைந்தால் பயணமும் சேர்ந்துகொள்ளும். ஜனவரியில் தொடங்கும் பருவத்தின் தேர்வு ஏப்ரலில் வருகிறது; வெயில் கடுமையாக இருக்கும், ஆனால் சாலையில் தண்ணீர் நிற்காது. முதல் முறை படிக்கிறவர்களை ஜனவரிப் பருவத்திலேயே சேரச் சொல்கிறேன். சேர்ந்த அன்றே தேர்வுப் பதிவின் கடைசி நாளைச் சமையலறை நாட்காட்டியில் சிவப்பு மையில் குறித்து வைக்கவும் சொல்கிறேன்.